லைசென்ஸ் கீ எரர்: கம்ப்யூட்டர் எந்தச் சாவியைக் கேட்கிறது?

சித்திரை பிறப்பதற்கு இரண்டு நாள் முன்பு ஒரு போன். மும்பை தாராவி 90 அடி சாலையில் தோல் பை மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி. "தம்பி, நாலு லேப்டாப்பும் மூலையில என்னமோ எழுதிக் காட்டுது. சாவி வேணுமாம். நம்மகிட்ட ஏது சாவி?"

போன தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது லேமிங்டன் சாலையில் வாங்கிய பழைய லேப்டாப்புகள் அவை. ஆறு மாதமாக வாய் திறக்காத நாலும் ஒரே நேரத்தில் கேட்க ஆரம்பித்திருந்தன. நான் கீயைப் பற்றிப் பேசவே இல்லை. "பில் இருக்கா அண்ணாச்சி?" என்றேன். "தேடிப் பாக்கேன்" என்றார். அந்தக் குரலிலேயே பதில் தெரிந்துவிட்டது.

சயான், மாட்டுங்கா, செம்பூர் பக்கம் சின்ன ஆபீஸ்களுக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன் நான். லைசென்ஸ் எரர் வந்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான், இன்னொரு கீ தேடுவது. வாட்ஸ்அப்பில் கேட்பார்கள், பக்கத்துக் கடைக்காரரின் கீயை வாங்கிப் போட்டுப் பார்ப்பார்கள். அது ஏன் சரிப்படாது என்று புரிய, கீ வேறு லைசென்ஸ் வேறு என்பது முதலில் புரிய வேண்டும்.

கீ என்பது வெறும் எண். லைசென்ஸ் என்பது அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் பேச்சு: எந்த மென்பொருள், அதில் எந்த வகை, எத்தனை கம்ப்யூட்டர், யார் பேரில், எத்தனை நாளைக்கு. நம் ஊர் லோக்கல் ரயில் பாஸை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மாத பாஸை எடுத்துக்கொண்டு உங்கள் தம்பி போனால் டிக்கெட் பார்க்கும் டிசி பிடிப்பார். பாஸ் போலி இல்லை, ஆள் வேறு. இரண்டாம் வகுப்பு பாஸோடு நீங்களே முதல் வகுப்பில் ஏறினாலும் பிடிப்பார். ஆள் சரி, பெட்டி வேறு. தேதி தாண்டியிருந்தாலும் அதே கதைதான். பிடிபட்ட மூன்று பேருமே "பாஸ் இருக்கே சார்" என்றுதான் சொல்வார்கள். லைசென்ஸ் எரரும் இதுவே. எண் சரியாக இருக்கும், மற்றது எதிலோ இடிக்கும்.

ஆகவே கேட்க வேண்டியது, இந்த லைசென்ஸ் எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்று. விண்டோஸில் மூன்று வழி உண்டு. புது லேப்டாப்போடு வருவது அந்த இயந்திரத்தோடு கட்டப்பட்டது, ஓஇஎம் என்பார்கள். மதர்போர்டு என்ற தாய்ப்பலகை செத்தால் கூடவே போய்விடும், இன்னொரு லேப்டாப்புக்கு மாற்ற முடியாது. தனியாகக் காசு கொடுத்து வாங்கும் ரீடெயில் லைசென்ஸ் வாங்கியவரோடு கட்டப்பட்டது. பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட்டுப் புதியதில் போடலாம், ஒரு நேரத்தில் ஒன்றில் மட்டும். மூன்றாவது வால்யூம். பெரிய கம்பெனிகள் மொத்தமாக வாங்குவது, கம்பெனியோடு கட்டப்பட்டது. வேலையை விட்டபின் ஆபீஸ் பஸ்ஸில் ஏற முடியுமா? அதுபோல, லேப்டாப் அந்தக் கம்பெனியை விட்டு வெளியே வந்த பிறகு அந்த லைசென்ஸ் அதற்குச் சொந்தமில்லை.

அண்ணாச்சியின் லேப்டாப்புகள் பழைய கம்பெனிச் சரக்கு. அங்கேயே எனக்குச் சந்தேகம் விழுந்தது.

முதலில் பார்க்க வேண்டிய இடம்

விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஆக்டிவேஷன், அதாவது லைசென்ஸ் செல்லுமா என்று சரிபார்க்கும் பக்கம். விண்டோஸ் 10 என்றால் அப்டேட் அண்ட் செக்யூரிட்டிக்குள் ஆக்டிவேஷன். எந்த வகை விண்டோஸ், ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா, இல்லையென்றால் என்ன எரர் எண் என்று மூன்றும் அந்த ஒரே பக்கத்தில் இருக்கும். போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். யாரிடம் உதவி கேட்டாலும் "ஏதோ எரர் வருது" என்பதைவிட அந்தப் படம் பாதி வேலையை முடித்துவிடும்.

இன்னும் உள்ளே போய்ப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் சின்னப் பெட்டி ஒன்று திறக்கும். அதில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்று ஐந்து எழுத்தைச் சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, எக்ஸ், பி, ஆர் என்று அடித்து என்டர் தட்டுங்கள். நிரந்தரமாக ஆக்டிவேட் ஆகியிருந்தால் அப்படியே சொல்லும். இல்லையென்றால் இன்ன தேதியில் முடிகிறது என்று சொல்லும். கடைசி மூன்று எழுத்துக்குப் பதில் டி, எல், வி போட்டால் லைசென்ஸின் முழு ஜாதகமும் வரும். ஓஇஎம்மா, ரீடெயிலா, வால்யூமா என்பது அதில் இரண்டாவது மூன்றாவது வரிக்குள் தெரிந்துவிடும்.

அண்ணாச்சி கடையில் முதல் லேப்டாப்பில் இதை அடித்தேன். வால்யூம், கேஎம்எஸ் கிளையன்ட் என்று வந்தது. மற்ற மூன்றிலும் அதே.

கேஎம்எஸ் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், பழைய லேப்டாப் வாங்குகிற எல்லோருக்கும் என்றாவது உதவும். பெரிய கம்பெனியில் ஆயிரம் கம்ப்யூட்டர் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கீ போட்டு மாளாது. அதனால் கம்பெனிக்குள்ளேயே ஒரு சர்வரை வைத்து, மற்ற கம்ப்யூட்டர்கள் அதனிடம் கேட்டு ஆக்டிவேட் ஆகிக்கொள்ளும்படி மைக்ரோசாஃப்ட் ஏற்பாடு செய்திருக்கிறது. ஒரு முறை ஆக்டிவேட் ஆனால் 180 நாள் செல்லும். ஏழு நாளைக்கு ஒரு முறை கம்ப்யூட்டர் தானாகவே சர்வரைத் தொட்டு 180ஐ மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துக்கொள்ளும். கம்பெனிக்குள் இருக்கும் வரை யாருக்கும் இது நடப்பதே தெரியாது. வெளியே வந்துவிட்டால் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்து ஒருநாள் பூஜ்ஜியத்தில் நிற்கும். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பிருந்து சித்திரைக்கு இரண்டு நாள் முன்பு வரை கூட்டிப் பாருங்கள், கணக்கு ஒத்துப்போகும்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் குறைந்தது 25 கேட்டால்தான் கேஎம்எஸ் சர்வர் ஆக்டிவேட் செய்யவே ஆரம்பிக்கும். அப்படியானால் பத்துக் கம்ப்யூட்டர் உள்ள கடையில் ஒரு விண்டோஸ் கேஎம்எஸ் வழியாக ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்றால் என்ன அர்த்தம்? ஒன்று, பழைய கம்பெனியின் எச்சம். இல்லாவிட்டால் விற்றவர், லைசென்ஸ் இல்லாமலே ஆக்டிவேட் ஆனதுபோல் காட்டும் திருட்டு ஆக்டிவேட்டர் ஒன்றை ஓட்டியிருக்கிறார். வேறு வழியே இல்லை.

மதர்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் கீ

இங்கே நல்ல செய்தியும் உண்டு. விண்டோஸுக்கான வால்யூம் லைசென்ஸ் ஏற்கெனவே விண்டோஸ் உள்ள கம்ப்யூட்டருக்கு மேல் போடுகிற ஒன்று. அதாவது அந்தக் கம்பெனி லேப்டாப்பை வாங்கும்போதே பெரும்பாலும் ஓர் ஓஇஎம் விண்டோஸோடுதான் வாங்கியிருக்கும். 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து அந்த ஓஇஎம் கீயை ஸ்டிக்கரில் அச்சடிப்பதற்குப் பதில் தயாரிப்பாளர்கள் மதர்போர்டுக்குள்ளேயே எழுதிவிடுகிறார்கள். ஹார்ட் டிஸ்க்கை மாற்றினாலும் ஃபார்மட் அடித்தாலும் அது போகாது. விண்டோஸில் கட்டளை அடிக்கும் பவர்ஷெல் திரையில் ஒரே வரிக் கட்டளையில் அதை எடுத்துவிடலாம். ஓஏ3எக்ஸ் ஒரிஜினல் ப்ராடக்ட் கீ என்று ஆங்கிலத்தில் தேடினால் முழு வரியும் கிடைக்கும். ஒரே எச்சரிக்கை: விண்டோஸ் 7, 8 காலத்துக் கீயை 10, 11இல் போட்டு ஆக்டிவேட் செய்யும் வழியை மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் மூடிவிட்டது. விண்டோஸ் 10 காலத்து லேப்டாப்பாக இருந்தால் கவலையில்லை, அந்தக் கீ 11க்கும் செல்லும்.

அண்ணாச்சியின் நாலில் மூன்று லேப்டாப் கீயைக் கொடுத்தன. போட்டதும் ஒரு நிமிடத்தில் ஆக்டிவேட். நயா பைசா செலவில்லை. நாலாவது வெறும் வரியைக் காட்டியது. யாரோ எப்போதோ மதர்போர்டை மாற்றியிருக்க வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

கீயைக் கையால் அடிக்க வேண்டி வந்தால் ஒரு சின்ன விஷயம். விண்டோஸ் கீ ஐந்து ஐந்தாக 25 எழுத்து. அதில் வர முடியாத எழுத்துகள் உண்டு. பூஜ்ஜியம், 1, 5 மூன்றும் வராது. ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஐந்தும் வராது. எல், எஸ், இசட்டும் வராது. கண்ணைக் குழப்பும் எழுத்துகளைத் தெரிந்தேதான் விட்டிருக்கிறார்கள். ஆகவே தேய்ந்த ஸ்டிக்கரில் ஓ மாதிரி தெரிந்தால் அது க்யூவோ டியோதான். இசட் மாதிரி தெரிந்தால் அது 2. பி, 8 இரண்டுக்கும், ஜி, 6 இரண்டுக்கும் மட்டும் கண்ணாடி போட்டுப் பார்க்க வேண்டும். ஒருமுறை செம்பூரில் ஒரு அச்சகத்தில், வியர்வைக் கையால் நாலு வருஷம் தடவிய லேப்டாப் ஸ்டிக்கரை, பென்சில் கரியைத் தேய்த்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, அரை மணி நேரம் படித்தோம். வந்த ஒரே தடங்கல், கடைக்காரரின் மகள் விடாமல் பூஜ்ஜியம் பூஜ்ஜியம் என்று சொல்லிக்கொண்டிருந்ததுதான்.

எண்கள் சொல்வது

எல்லா எரர் எண்ணும் பூஜ்ஜியம், எக்ஸ் என்றுதான் தொடங்கும். அதை விட்டுவிட்டு மீதியைச் சொல்கிறேன். சி004எஃப்050 வந்தால் கீ தப்பாக அடிக்கப்பட்டிருக்கிறது, அல்லது வேறு வகை விண்டோஸின் கீ. சி004சி008 என்றால் அந்தக் கீயை அனுமதித்த அளவுக்கு மேல் போட்டாகிவிட்டது. சி004சி003 என்றால் மைக்ரோசாஃப்ட் அதை முடக்கிவிட்டது. சி004எஃப்074 என்றால் கேஎம்எஸ் சர்வரைத் தொட முடியவில்லை, மேலே சொன்ன கதை. 803எஃப்7001, சி004எஃப்211 இரண்டும் பெரும்பாலும் மதர்போர்டு மாற்றிய பிறகு வருபவை. இந்த இயந்திரத்துக்கு என்னிடம் லைசென்ஸ் இல்லை, அல்லது இயந்திரமே மாறிவிட்டதே என்கிறது விண்டோஸ். ரீடெயில் லைசென்ஸாக இருந்து, முன்பே மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்திருந்தால், அதே ஆக்டிவேஷன் பக்கத்தில் ட்ரபுள்ஷூட்டரைத் திறந்து, ஹார்டுவேர் மாற்றினேன் என்று சொல்லி மீட்கலாம். மதர்போர்டை மாற்றும் முன் இணைக்க வேண்டும். மாற்றிவிட்டு வந்து இணைக்க முடியாது.

80072எஃப்8எஃப் எனக்குப் பிடித்த எரர். பலமுறை தேதியும் நேரமும் தப்பாக இருப்பதால் வருவது. லைசென்ஸ் சர்வரோடு பாதுகாப்பாகப் பேச இரண்டு பக்கக் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். பழைய டெஸ்க்டாப்பில் சிஆர்2032 என்ற நாணயம் போன்ற பேட்டரி தீர்ந்துவிட்டால், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் தேதி பல வருஷம் பின்னால் ஓடிவிடும். இதற்காகப் புது விண்டோஸ் வாங்கவே கிளம்பிய ஒருவரை, வாசலில் மறித்து, பக்கத்து வாட்ச் கடைக்கு அனுப்பியிருக்கிறேன்.

இன்னொன்று, அடிக்கடி பார்ப்பது: லேப்டாப் ஹோம் என்ற வகை விண்டோஸோடு வந்திருக்கும். ஃபார்மட் செய்ய வந்த பையன் பென் டிரைவில் இருந்த ப்ரோ என்ற மேல் வகையைப் போட்டுவிட்டுப் போயிருப்பான். உள்ளே இருக்கும் கீ ஹோமுக்கு, ஓடுவது ப்ரோ. இரண்டாம் வகுப்பு பாஸ், முதல் வகுப்புப் பெட்டி. திரும்ப ஹோம் போட்டால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். ப்ரோதான் வேண்டுமென்றால் வித்தியாசத்துக்குக் காசு கட்ட வேண்டும்.

எம்எஸ் ஆபீஸும் டேலியும்

மைக்ரோசாஃப்ட் 365 வகை ஆபீஸில் கீ என்ற பேச்சே இல்லை, லைசென்ஸ் மின்னஞ்சல் கணக்கில் இருக்கிறது. மேலே மஞ்சளாகவோ சிவப்பாகவோ பட்டை வந்து லைசென்ஸ் இல்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது, இப்போது யார் கணக்கில் உள்ளே இருக்கிறோம் என்று. மாட்டுங்காவில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் எக்செல் திடீரென எழுத விடவில்லை. விசாரித்தால், எம்எஸ் ஆபீஸை வாங்கியது இரண்டு வருஷம் முன்பு வேலையை விட்டுப்போன அக்கவுன்டன்ட் அக்காவின் சொந்த ஜிமெயிலில். அவர் இப்போது கோயம்புத்தூரில். பாவம், ஓடிபி வரும்போதெல்லாம் ஏதோ மோசடி என்று அழித்துக்கொண்டிருந்திருக்கிறார். அட்டையில் தானாகப் பிடிக்கும் கட்டணம் 15,000 ரூபாயைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வருஷச் சந்தாவை மொத்தமாகக் கட்டும் ஆபீஸ்களில் லைசென்ஸ் நிற்பதற்கு இது ஒரு சத்தமில்லாத காரணம். பட்டை வந்தால் பில்லிங் பக்கத்தையும் ஒரு முறை பாருங்கள்.

புது லேப்டாப்பில் சோதனைக்காக வரும் எம்எஸ் ஆபீஸ் ஒன்று, நீங்கள் வாங்கிப் போட்டது ஒன்று, இரண்டும் சேர்ந்து சண்டை போடுவதும் உண்டு. சோதனை ஆபீஸை முழுசாக நீக்கிவிட்டு மற்றதைத் திறந்தால் போதும்.

கணக்கு எழுதும் மென்பொருளான டேலி வேறு ரகம். அதில் லைசென்ஸ் போனால் திரை எரர் காட்டி நிற்காது, பழகிப் பார்ப்பதற்கான எஜுகேஷனல் மோடுக்குப் போய்விடும். கணக்கு எல்லாம் தெரியும். ஆனால் மாதத்தின் 1, 2 போன்ற சில தேதிகள் தவிர வேறு தேதியில் பதிவு போட விடாது. "டேலி 17ஆம் தேதி பில்லை எடுக்க மாட்டேங்குது" என்று யாராவது சொன்னால் நான் மறுகேள்வி கேட்பதில்லை.

இது நடப்பது பெரும்பாலும் ஃபார்மட்டுக்குப் பிறகு. டேலி லைசென்ஸ் அந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கும். இடம் மாற்றும் முன் உள்ளேயே சரண்டர் செய்துவிட்டு, புதிய இடத்தில் சீரியல் எண்ணும் மின்னஞ்சலும் கொடுத்து ஆக்டிவேட் செய்ய வேண்டும். சரண்டர் செய்யாமல் ஃபார்மட் அடித்துவிட்டால், லைசென்ஸ் இன்னும் பழைய இடத்திலேயே இருப்பதாக டேலி நினைத்துக்கொண்டிருக்கும். கணக்குக்குள் போய் ரீசெட் செய்யலாம், ஆனால் அதற்கு வாங்கும்போது கொடுத்த மின்னஞ்சல் கையில் இருக்க வேண்டும். 20ஆம் தேதி ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் கட்ட வேண்டிய நாளில் காலை ஃபார்மட் அடித்துவிட்டு, மத்தியானம் அந்த மின்னஞ்சலின் பாஸ்வேர்டைத் தேடும் வீட்டுக்குள் நான் போயிருக்கிறேன். சாப்பிடச் சொல்லக்கூட யாருக்கும் நினைவில்லை.

பல பேர் பயன்படுத்தும் கோல்டு லைசென்ஸில், லைசென்ஸ் ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கும். மற்றவை நெட்வொர்க்கில் அதனிடம் கேட்கும், வழக்கமாக 9999 என்ற போர்ட், அதாவது நெட்வொர்க் வாசல் வழியாக. ஒருநாள் எல்லோருக்கும் எஜுகேஷனல் வந்தால், அந்த ஒரு கம்ப்யூட்டர் ஓடுகிறதா, ரவுட்டர் மாற்றியதில் அதன் நெட்வொர்க் முகவரியான ஐபி எண் மாறிவிட்டதா, புது ஆன்டிவைரஸின் ஃபயர்வால் வழியை அடைத்துவிட்டதா என்று பாருங்கள். இன்னொரு குழப்பமும் வரும். லைசென்ஸ் ஆயுளுக்கும் செல்லும், ஆனால் டிஎஸ்எஸ் என்ற வருஷச் சந்தா முடிந்த பிறகு வந்த புதிய பதிப்பைப் போட்டால் அது ஒத்துக்கொள்ளாது. பழைய பதிப்புக்குத் திரும்பலாம், அல்லது சந்தாவைப் புதுப்பிக்கலாம்.

சரி, ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கீ? எல்லோரும் கேட்பதால் சொல்கிறேன். அவற்றில் பல, ஏதோ ஒரு கம்பெனியின் வால்யூம் கீயிலிருந்து சிந்தியவை. இன்று ஆக்டிவேட் ஆகும், மைக்ரோசாஃப்ட் கண்டுபிடித்ததும் சி004சி003 வரும். அப்போது விற்றவர் போனை எடுக்க மாட்டார். ஆக்டிவேட்டர் இன்னும் மோசம். ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு ஓட்டு என்று கேட்கும் எதையும் கணக்கு வழக்கு இருக்கும் கம்ப்யூட்டரில் நான் தொட மாட்டேன். சட்டமும் லேசானது இல்லை. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவுப்படி, திருட்டு நகல் என்று தெரிந்தே மென்பொருளைப் பயன்படுத்தினால் ஏழு நாள் முதல் மூன்று வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபார லாபத்துக்காக இல்லை என்றால் நீதிமன்றம் சிறையை விட்டுவிடலாம் என்று ஒரு சலுகை உண்டு. கடைக் கம்ப்யூட்டருக்கு அந்தச் சலுகையை எப்படிக் கேட்பது?

இனி அந்த நாலாவது லேப்டாப். விற்றவருக்கு அண்ணாச்சி போன் போட்டார். பில் இருக்கிறதா என்று அவரும் கேட்டார். அண்ணாச்சி கல்லாப்பெட்டிக்கு அடியிலிருந்து தேடி எடுத்தது ஒரு வெள்ளைத் துண்டுச் சீட்டு. அதில் "லேப்டாப் 4 பீஸ்" என்றும் ஒரு தொகையும் மட்டும் இருந்தன. கடை பேர்கூட இல்லை. புதிதாக ப்ரோ லைசென்ஸ் வாங்குவதைத் தவிர வழியில்லை என்றேன். முகம் சுருங்கியது. கடையின் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்து முறையான பில்லோடு வாங்கச் சொன்னேன். தொகையைப் பார்த்தார், கீழே 18 சதவீத வரியைப் பார்த்தார், கொஞ்ச நேரம் பேசவில்லை.

"இந்த வரிய நம்ம ஜிஎஸ்டியில கழிக்க இன்புட் கிடைக்குமா தம்பி?"

"கிடைக்கும் அண்ணாச்சி."

"அப்ப போடு."